சிக்னல் இல்லாத மலையில் ஒரு செஸ் ஆப்: ட்ராய்ட்ஃபிஷ்

கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, நெட் சரியாகக் கிடைக்காது, காசு செலவழிக்க வழியில்லை, ஆனால் செஸ் உருப்படியாகப் பழக வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் சொல்லும் பெயர் ட்ராய்ட்ஃபிஷ். விளம்பரம் கிடையாது. கணக்குத் தொடங்கச் சொல்லாது. பாதி வசதியைப் பூட்டி வைத்துவிட்டுப் பணம் கட்டினால் திறப்பேன் என்று சொல்லாது. ஒரு தடவை போனில் ஏற்றிவிட்டால் அதற்கப்புறம் இணையமே வேண்டாம். ஓரளவு ஆடத் தெரிந்த பெரியவர்களுக்கு இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போதுதான் இது இன்னும் கொஞ்சம் மாற வேண்டும் என்று தோன்றுகிறது. என்ன மாற வேண்டும், எப்படி மாற்றலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மூணாறில், மாட்டுப்பட்டி தாண்டி டாப் ஸ்டேஷன் போகும் வழியில் ஒரு எஸ்டேட்டில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகள் எல்லாம் கொழுந்து எடுக்கிறவர்களின் பிள்ளைகள். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை படிக்கிறார்கள், தமிழ் மீடியமும் உண்டு, மலையாளம் மீடியமும் உண்டு. பாடம் முடிந்ததும் செஸ். 2022ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரைத் தம்பியை டிவியில் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதும் ஆசை இரட்டிப்பானது. திருச்சூர்க்காரர் நிஹால் சரினைப் பற்றி இங்கே மலையாளப் பேப்பர்களிலும் அடிக்கடி வரும். அதனால் ‘நம்ம பக்கத்து ஆள்’ என்று சொல்லிக்கொள்ள இரண்டு பக்கமும் எங்களுக்கு ஆள் இருக்கிறது.

ஆனால் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சிக்னல் வராது. ரோட்டு வளைவில் ஏறி நின்றால் ஒரு கோடோ இரண்டு கோடோ வரும். சில இடத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து தமிழ்நாட்டு டவர் எட்டிப் பார்க்கும். இருட்டிய பிறகு பிள்ளைகளை அந்த வளைவுக்கு அனுப்ப முடியாது, காட்டு யானை நடமாட்டம் உள்ள இடம். போன் கைக்கு வருவதே அம்மா வேலை முடிந்து திரும்பிய பிறகுதான். ஆகவே ஆன்லைனில் யாரோடாவது ஆடிப் பழகுங்கள் என்று நகரத்துக் கோச்சுகள் சொல்லும் யோசனை எங்களுக்கு உதவாது. நெட் இல்லாமல் முழுதாக வேலை செய்கிற ஆப் ஒன்றுதான் இங்கே செல்லும்.

இதற்கு முன்னால் பிள்ளைகளின் போனில் வேறொரு இலவச செஸ் ஆப் இருந்தது. அதன் பெயர் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு வீடியோ விளம்பரம் வரும். மூடுகிற பொத்தான் நகக்கண் அளவுக்குத்தான் இருக்கும், விரல் தவறினால் எங்கேயோ கொண்டுபோய் விடும். ஒரு அம்மா ரீசார்ஜ் செய்த டேட்டா முழுக்க ஒரே சாயங்காலத்தில் போனது. அந்த வீட்டில் செஸ்ஸே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளம்பரம் இல்லாமை என்பது எங்களுக்கு ஒரு சௌகரியம் மட்டும் கிடையாது, ஒரு பிள்ளை தொடர்ந்து ஆட அனுமதி கிடைக்குமா கிடைக்காதா என்பதே அதில் இருக்கிறது.

ட்ராய்ட்ஃபிஷை எழுதியவர் பீட்டர் ஆஸ்டர்லுண்ட், ஸ்வீடன்காரர். இவர் முதலில் குக்கூசெஸ் என்று சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின், அதாவது நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் புரோகிராம், எழுதினார். அப்புறம் அதே முகப்பில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினைப் பொருத்தி ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்ததுதான் ட்ராய்ட்ஃபிஷ். குக்கூசெஸ்ஸும் உள்ளேயே இருக்கிறது, எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். முழு மூல நிரலும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும், முக்கியமான நிபந்தனை அதுதான்.

உள்ளே இருக்கும் ஸ்டாக்ஃபிஷ் 2008ல் தொடங்கியது. டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய க்ளாவ்ருங் என்ற எஞ்சினை எடுத்து மார்கோ கோஸ்டால்பா வளர்த்தார், யூனா கீஸ்கியும் சேர்ந்துகொண்டார். 2013லிருந்து ஃபிஷ்டெஸ்ட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாராவது நிரலில் ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால், பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதிப் பார்க்கும். தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களை அதற்கு இரவல் கொடுக்கிறார்கள். புதியது கூடுதலாக ஜெயித்தால்தான் அந்த வரி உள்ளே போகும். இத்தனை பேர் சம்பளம் இல்லாமல் இப்படி நேர்மையாக உழைத்த ஒரு பொருள் எங்கள் லயத்தில் ஆறாயிரம் ரூபாய் போனில் ஓடுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது.

பலத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 1997ல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் ப்ளூ ஒரு நொடிக்கு இருபது கோடி பலகை நிலைகளை அலசியது. அது ஆள் உயரப் பெட்டிகளில் இருந்த இயந்திரம். 2009ல் பியூனஸ் அயர்ஸில் நடந்த கோப்பா மெர்கோசூர் போட்டியில் பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற புரோகிராம் ஒரு எச்டிசி டச் எச்டி போனில் ஓடி, பத்துக்கு ஒன்பதரை எடுத்து முதலிடம் பெற்றது. அந்தச் சின்னப் போன் நொடிக்கு இருபதாயிரம் நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் அதன் ஆட்டத் தரம், அதாவது ஆடுகிறவரின் பலத்தை அளக்கும் புள்ளி, 2898 என்று கணக்கானது. அதாவது அன்றைக்கே சட்டைப் பையில் இருந்த கருவி கிராண்ட்மாஸ்டர்களைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் ஸ்டாக்ஃபிஷ் எவ்வளவோ முன்னேறிவிட்டது. 2020 செப்டம்பரில் வந்த 12ஆம் பதிப்பில் என்என்யூஇ என்ற நரம்பு வலை, அதாவது நிறைய நிலைகளைக் கொடுத்து மதிப்பிடப் பழக்கிய கணக்கு முறை, சேர்ந்தது. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு என்பவர் 2018ல் உருவாக்கிய முறை அது. நல்ல விலையுள்ள போன் எதற்காம்? பழைய போனே போதும், உலகில் எந்த மனிதரும் இதை ஜெயிக்க முடியாது.

ஆகவே இந்த ஆப்பை மேம்படுத்துவது என்றால் இன்னும் பலமாக்குவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பலம் போதும். எங்களுக்கு வேண்டியது நன்றாகத் தோற்கத் தெரிந்த புரோகிராம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ட்ராய்ட்ஃபிஷில் கணினியின் பலத்தைக் குறைத்து வைக்கும் அமைப்பு இருக்கிறது. குறைத்து வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு பலமான எஞ்சினைப் பலவீனமாக்குவது எப்படி? ஸ்டாக்ஃபிஷில் சுழியத்திலிருந்து இருபது வரை திறன் அளவு உண்டு. அளவைக் குறைத்தால் அது சிறந்த நகர்வை மட்டும் பார்க்காமல் நாலைந்து நகர்வுகளை வைத்துக்கொண்டு, கொஞ்சம் குருட்டாம்போக்கில் அதில் ஒன்றை எடுக்கும். அளவு குறையக் குறைய மோசமானதை எடுக்கும் வாய்ப்பு கூடும். விளைவு என்னவென்றால், பத்து நகர்வு வரை மாஸ்டர் போல ஆடும். குதிரையை அருமையான கட்டத்தில் கொண்டுவந்து வைக்கும். பதினோராவது நகர்வில் காரணமே இல்லாமல் ஒரு யானையைச் சும்மா கொடுத்துவிடும். மறுபடி மாஸ்டர் ஆகிவிடும்.

எந்தப் பிள்ளையும் இப்படித் தோற்காது. பத்து வயதுப் பிள்ளை தோற்கிற விதமே வேறு. தூரத்தில் மூலையில் நிற்கும் பிஷப் குறுக்கே வருவதைக் கவனிக்காது. சும்மா கிடைக்கிற சிப்பாயை ராணியால் எடுத்துவிட்டு ராணி மாட்டிக்கொண்டதை அப்புறம்தான் பார்க்கும். தன் தாக்குதலில் மும்முரமாக இருக்கும்போது பின்வரிசையில் ராஜா மூச்சுவிட வழியில்லாமல் நிற்பது தெரியாது. இந்தத் தவறுகளுக்கு எல்லாம் காரணம் உண்டு. காரணம் இருப்பதால் எதிராளி அதைத் தூண்டலாம், எதிர்பார்க்கலாம், பொறி வைக்கலாம். செஸ் கற்றுக்கொள்வதில் பாதி இதுதான்.

குறைத்து வைத்த கணினியோடு மட்டுமே ஆடுகிற பிள்ளை பொறி வைக்கக் கற்காது, காத்திருக்கக் கற்கும். எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்படித்தான் ஆனான். காய்களை நெருக்கமாக அடுக்கி வைத்துக்கொண்டு, கணினி எப்போது எதைக் கொடுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். கொடுத்ததும் எடுத்துக்கொண்டு ஜெயிப்பான். ஆப்பில் ஜெயிக்கிற அவன், சப் ஜில்லா போட்டியில் தன் வயதுப் பையன்களிடம் வரிசையாகத் தோற்றான். அவர்கள் யாரும் யானையைச் சும்மா கொடுக்கவில்லை. “டீச்சர், அவங்க தப்பே பண்ண மாட்டேங்கிறாங்க” என்று வந்து சொன்னான். அவர்களும் தப்புச் செய்தார்கள். அந்தத் தப்பைப் பார்க்க அவன் பழகவில்லை. பையன் கெட்டிக்காரன், அவனுக்குக் கிடைத்த எதிராளிதான் சரியில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாயா என்று ஒரு எஞ்சின் 2020ல் வந்தது. டொராண்டோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து செய்தது. லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். சிறந்த நகர்வு எது என்று அதைக் கேட்கவில்லை, இந்த நிலையில் 1100 தரத்தில் இருக்கும் மனிதர் என்ன ஆடுவார் என்று கேட்டார்கள். 1100லிருந்து 1900 வரை நூறு நூறாக ஒன்பது மாதிரிகள். பாதிக்கு மேற்பட்ட தடவை மனிதர் ஆடிய அதே நகர்வை அது சொல்கிறது. தவறு செய்தாலும் மனிதர் செய்கிற தவறையே செய்யும். இன்னொரு நல்ல செய்தி, அது முன்னே போய் அலசுவதே இல்லை. வலையை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நகர்த்திவிடும். ஆகவே மட்டமான போனிலும் சூடேறாமல் ஓடும். அதுவும் இலவசம்தான், அதுவும் திறந்த நிரல்தான்.

யூசிஐ என்பது எஞ்சினும் ஆப்பும் பேசிக்கொள்ளும் பொது முறை. அந்த முறையில் பேசும் எந்த எஞ்சினையும் ட்ராய்ட்ஃபிஷில் வெளியிலிருந்து சேர்க்க முடியும். கம்ப்யூட்டர் தெரிந்தவர், மாயாவின் வலையை ஓட்டக்கூடிய லீலா என்ற எஞ்சினையும் மாயாவின் வலைக் கோப்பையும் சேர்த்துப் பொருத்திவிடலாம். ஆனால் கொழுந்து எடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் இந்தக் கோப்பை இந்த ஃபோல்டரில் போடுங்கள் என்று சொல்ல முடியுமா? ஆப்பை நிறுவும்போதே ‘தொடக்கநிலை மனிதர்’ என்று ஒரு எதிராளி உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த ஆப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால் நான் கேட்பது இதைத்தான். இன்னும் கீழே, முதல் மாதம் ஆடும் பிள்ளைக்கு 1100 தரமே பெரிய மலை. அதற்கும் கீழே ஐநூறு, அறுநூறு என்று மனித ஆட்டத்தில் பழகிய எதிராளிகள் வந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

அதுவரை நான் செய்வதைச் சொல்கிறேன், பிறருக்கு உதவலாம். எஞ்சினை முழுப் பலத்திலேயே வைத்து, நிலையை மட்டும் பிள்ளைக்குச் சாதகமாக மாற்றிக் கொடுக்கிறேன். பலகையைத் திருத்தும் வசதியில் காய்களை இஷ்டப்படி வைக்கலாம். பிள்ளைக்கு ராஜாவும் ராணியும், கணினிக்கு வெறும் ராஜா. மேட் செய். முழுப் பலத்தில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் அந்த வெறும் ராஜாவை வைத்துக்கொண்டு கடைசிக் கட்டம் வரை போராடும். அவசரப்பட்டால் ஸ்டேல்மேட் ஆகிவிடும், அதாவது செக்கும் இல்லாமல் நகர வழியும் இல்லாமல் எதிர் ராஜா நின்று ஆட்டம் ட்ரா. இவ்வளவு பொறுமையான, இவ்வளவு பிடிவாதமான தற்காப்பாளர் எந்த ஊரிலும் கிடைக்க மாட்டார். அது முடிந்ததும் ராஜாவும் யானையும். அப்புறம் ராஜாவும் ஒரு சிப்பாயும், நடுவில் எதிர் ராஜா. இந்தச் சிப்பாய் முடிவாட்டத்தில் ராஜாவை ராஜாவுக்கு எதிரே நிறுத்தும் சூட்சுமம் பிடிபட்டால் பிள்ளையின் முகமே மாறும். ஒரு கட்டம் பிசகினாலும் ட்ரா. கணினி மன்னிக்காது, இந்த இடத்தில் மன்னிக்காமல் இருப்பதுதான் நல்லது.

மெமரி கார்டில் இடம் இருந்தால் சிஸிஜி அட்டவணைகளையும் சேர்க்கலாம். பலகையில் ஐந்து காய்கள் வரையிலான எல்லா நிலைகளுக்கும் ஜெயமா, தோல்வியா, ட்ராவா என்று கணக்கிட்டு வைத்த கோப்புகள். ஏறக்குறைய ஒரு ஜிபி வரும். ஆறு காய் அட்டவணை நூற்றைம்பது ஜிபி, அது போனுக்கு ஆகாது. ஆனால் சிறுவர்களுக்கு இந்த அட்டவணை தேவைப்படவில்லை, எனக்குச் சரிபார்க்க உதவுகிறது.

அடுத்தது அலசல். ஆட்டம் முடிந்ததும் அலசல் நிலைக்குப் போனால் கணினி ஒவ்வொரு நகர்வுக்கும் யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று எண் சொல்லும், பலகையில் அம்புக்குறியும் காட்டும். இது பெரியவர்களுக்குப் பொக்கிஷம். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டு அம்பைப் பார்க்கிறார்கள். அதனால் கணினி யோசிப்பதைக் காட்டும் அமைப்பையும் அம்பையும் அணைத்து வைத்துவிட்டுத்தான் போனைக் கையில் கொடுப்பேன். எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 கடைசியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1லிருந்து, கூட்டல் ஒன்று என்று காட்டினால் அந்த நிலையில் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பொருள் வரும்படி அளவை மாற்றினார்கள். யாருக்குப் பாதிக்குப் பாதி? ஸ்டாக்ஃபிஷ் ஸ்டாக்ஃபிஷோடு ஆடினால். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த எண் எதையும் சொல்லாது. கூட்டல் மூன்றிலிருந்து அவர்கள் அடுத்த இரண்டு நகர்வில் கழித்தல் ஐந்துக்கு வந்துவிடுவார்கள்.

எண்ணுக்குப் பதில் ஒரு வாக்கியம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். “உன் குதிரைக்குக் காவல் இல்லை.” “ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கிறது.” “இந்தச் சிப்பாயை நகர்த்தினால் பின்னால் உள்ள யானை மாட்டும்.” இதற்குப் பெரிய நரம்பு வலை எதுவும் வேண்டாம். காவலில்லாத காயைக் கண்டுபிடிப்பது நிரலில் சில வரிகள்தான், எஞ்சினுக்கு உள்ளே ஏற்கெனவே அந்தக் கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டினால் போதும். நகர்வுக்கு முன்னால் வேண்டாம், நகர்த்திய பிறகு, திரும்பிப் பார்க்கும்போது வரட்டும். முன்னாலேயே சொல்லிவிட்டால் கண் பழகாது.

போன் விஷயத்தில் சில குறிப்புகள். ஜூன், ஜூலை மழையில் இங்கே கரண்ட் போனால் சட்டென்று வராது, போனில் இருக்கிற சார்ஜ்தான் கைவசம். அலசல் நிலையில் எஞ்சின் நீங்கள் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். போன் சுடும், பேட்டரி இறங்கும். அலசிப் பார்த்ததும் வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். எதிராளியின் நேரத்திலும் கணினி யோசிக்கும் அமைப்பு ஒன்று உண்டு, அதை அணைத்து வையுங்கள். த்ரெட் எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை கணக்குகள் ஓடலாம் என்பதை, ஒன்று என்று வைத்தால் போதும். பலம் கொஞ்சம் குறையும், யாருக்கும் தெரியாது. நரம்பு வலை வந்த பிறகு ஸ்டாக்ஃபிஷின் வலைக் கோப்பே பல பத்து எம்பி ஆகிவிட்டது. டவுன்லோடு செய்ய மூணாறு டவுனுக்குப் போகிற நாளில் ஒரு போனில் இறக்கிவிட்டு, மற்ற போன்களுக்கு ப்ளூடூத்தில் அனுப்பிவிடுகிறேன். எஃப் ட்ராய்ட் என்ற திறந்த நிரல் ஆப் களஞ்சியத்திலும் கிடைக்கும். உரிமம் அனுமதிப்பதால் இப்படிக் கைமாற்றிக் கொடுப்பது முறையான செயல்தான்.

ஒரே போனில் இரண்டு பேர் ஆடலாம், கடிகாரம் வைக்கலாம். பலகை பத்தாத நாளில் இது கைகொடுக்கும். போட்டியில் எழுதிய ஆட்டத்தைப் பிஜிஎன் என்ற ஆட்டக் குறிப்புக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம், நடுவில் வேறு வழி ஆடிப் பார்த்துக் கிளைகளாகச் சேர்க்கலாம், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம். காய்களை மறைத்துவிட்டு மனக்கண்ணில் ஆடும் வசதியும் இருக்கிறது. எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு அதுதான் பிரியம், கண்ணை மூடிக்கொண்டே குதிரை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்வாள். ஆட்டக் குறிப்பில் ஆங்கில எழுத்துக்குப் பதில் காயின் படமே வரும்படி வைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

மெனுதான் சின்னவர்களுக்குக் கடினம். அமைப்புகளுக்குள் நுழைந்தால் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஹாஷ் என்ன, புத்தகக் கோப்பு என்ன, அட்டவணைப் பாதை என்ன என்று ஆயிரம். ஆழ்ந்து ஆடுகிறவர் இதையெல்லாம் கேட்பார், அவருக்காக வைத்தது சரிதான். பிள்ளைக்கு மூன்று பொத்தான் போதும்: புது ஆட்டம், ஒரு நகர்வு திரும்பு, எதிராளியை மாற்று. ‘எளிய முகப்பு’ என்று ஒரு தேர்வு வைத்து மீதியை மறைத்துவிடலாம்.

நான் வைத்திருக்கும் பதிப்பில் தமிழ் இல்லை. இங்கேதான் திறந்த நிரலின் அருமை எனக்கு நேரடியாகப் புரிந்தது. எங்கள் எஸ்டேட்டில் பிறந்து இப்போது கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற தம்பி ஒருவர் லீவுக்கு வந்திருந்தார். ஆண்ட்ராய்டு ஆப்பில் திரையில் வரும் சொற்கள் எல்லாம் தனியாக ஒரு கோப்பில் இருக்கும், தமிழுக்கு என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதே வரிசையில் தமிழ்ச் சொற்களைக் கொடுத்தால் போன் தமிழில் இருக்கும்போது ஆப்பும் தமிழில் வரும் என்று சொன்னார். டியூஷன் முடிந்த பிறகு நானும் அவரும் பெரிய பிள்ளைகளும் உட்கார்ந்து எழுதினோம். பிள்ளைகள் வாயில் வருகிற சொல்லையே வைத்தோம். செக் செக்தான், மேட் மேட்தான். அவர்கள் பேசாத சொல்லைத் திரையில் போட்டு என்ன பயன்? பொத்தான்களையும் கொஞ்சம் பெரிதாக்கினார். இப்போது எங்கள் பிள்ளைகளின் போன்களில் ஓடுவது அந்தப் பதிப்பு. மாற்றிய நிரலைத் திறந்து வைத்திருக்கிறார், கேட்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நகர்வை உரக்கச் சொல்லும் வசதி ஒன்றும் ஆப்பில் இருக்கிறது. அதைத் தமிழில் கொண்டுவருவது அடுத்த வேலை. பதிவு செய்ய வேண்டிய சொற்கள் ரொம்பக் கம்மி: ஆறு காய், எட்டு வரிசை எழுத்து, எட்டு எண், செக், மேட், வெட்டு. லயத்திலேயே நல்ல குரல்கள் இருக்கின்றன. கண் பார்வை குறைந்த ஒரு பையன் எங்களிடம் படிக்கிறான், அவனுக்காகவே இதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

லிசெஸ் ஆப்பை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அருமையான ஆப், அதுவும் இலவசம், அதுவும் திறந்த நிரல், பிரான்ஸில் பதிவு செய்த லாபநோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. 2010ல் திபோ டுப்லெஸ்ஸி தொடங்கியது. மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. நெட் இல்லாதபோது கணினியோடு ஆடவும் விடும், கொஞ்சம் புதிர்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் உள்ளவர்கள் முதலில் அதைத்தான் போட வேண்டும், சந்தேகமே இல்லை. டவுனில் மாமா வீட்டுக்குப் போகிற பிள்ளைகளிடம் அங்கே இருக்கும்போது லிசெஸில் நிஜ மனிதர்களோடு ஆடிவிட்டு வா என்று சொல்லி அனுப்புகிறேன். மலைக்குத் திரும்பிய பிறகு, முடிவாட்டப் பயிற்சிக்கும் ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்கவும் ட்ராய்ட்ஃபிஷ்.

இந்த ஆப்பை எழுதியவரிடமும், இதே மாதிரி எழுதத் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகளிடமும் நான் கேட்க விரும்புவது ஒன்று. ஃபிஷ்டெஸ்ட் ஒரு மாற்றத்தை ஜெயத்தை வைத்து மட்டும் அளக்கிறது. எஞ்சினுக்கு அது சரியான அளவுகோல். ஆனால் பயிற்சி ஆப்புக்கு வேறு அளவுகோல் வேண்டும். புதிய எதிராளியோடு ஒரு மாதம் ஆடிய பிள்ளை, பழைய எதிராளியோடு ஒரு மாதம் ஆடிய பிள்ளையைவிடத் தன் வயதுக்காரரிடம் நன்றாக ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க முடியாது, பிள்ளைகளிடம்தான் பார்க்க வேண்டும். எங்களிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசையும் இருக்கிறது. யாராவது மாயாவை உள்ளே வைத்து ஒரு பதிப்பு செய்து கொடுத்தால், பாதிப் பேருக்கு அதையும் பாதிப் பேருக்கு இப்போதைய பதிப்பையும் கொடுத்து, ஆட்டங்கள் எல்லாவற்றையும் பிஜிஎன்னாகச் சேர்த்து அனுப்ப நான் தயார். கோயம்புத்தூர்த் தம்பியும் அடுத்த லீவில் முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

புதிதாகப் போடுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்: த்ரெட் ஒன்று, எதிராளி நேரத்தில் யோசிப்பது வேண்டாம், யோசனையைக் காட்டுவது வேண்டாம், அம்பு வேண்டாம், குறிப்பில் காய்களின் படம். அப்புறம் பலகையைத் திருத்தி ராஜா, ராணி எதிராக ராஜா வைத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். ஸ்டேல்மேட் ஆகாமல் மேட் செய்யத் தெரிந்த பிறகு முழு ஆட்டத்துக்குப் போகலாம்.